ஸ்பீக்கர் மட்டும், பட்டன் இல்லை

இதை நான் கதையாக எழுதவில்லை. கதை எழுதுகிற பொறுமை எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தேதியும் நேரமும் என் நோட்டில் இருக்கின்றன, என் கையெழுத்திலேயே. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் படித்துவிட்டு "மனப்பிரமை" என்று மட்டும் யாரும் எனக்கு எழுதாதீர்கள். கெட்ட கோபம் வரும்.

பேய் என்றால் நடுராத்திரி, கும்மிருட்டு, நாய் ஊளை என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது சாயங்காலம் நாலு பத்துக்கு. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்கிறேன். பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி ஆன்லைன் ஏலத்தில் விற்கிறேன். பழைய சாமான் என்றதும் பீரோ, கட்டில், சாப்பாட்டு மேஜை என்று நினைத்தால் தப்பு. அதெல்லாம் மாதக்கணக்கில் கிடக்கும். சுடச்சுடப் போவது எது தெரியுமா? பாதிப் பொருள். டி.வி. இல்லாத ரிமோட். பாத்திரம் இல்லாத கண்ணாடி மூடி. மிக்ஸி இல்லாத ஜார். என்றைக்கோ நின்றுபோன தையல் மெஷினின் விளக்கப் புத்தகம். காலி சென்ட் பாட்டில்கூடப் போகும், அதற்கும் ஆள் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒரு பாதி தொலைந்திருக்கும். மீதிப் பாதியைத் தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருப்பார்கள். ஒரே ஒரு மூடிக்காக நாலு பேர் மல்லுக்கட்டி ஏலம் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் முழு செட்டாக வந்தால்கூட நான் பிரித்துத்தான் விற்பேன். எனக்குச் சாமான் கொண்டுவருவது என் அண்ணன். சின்ன வேன் வைத்திருக்கிறான், காலி செய்கிற வீடுகளிலிருந்து அள்ளிக்கொண்டு வருவான். "நல்லா இருக்கற ஜோடியப் பிரிச்சு விக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்று கிண்டல் செய்வான். "நீ கொண்டு வர்ற குப்பைக்கு அதுதான் வழி" என்பேன் நான்.

பொருள் வந்ததும் சோதித்துப் பார்ப்பேன். தேதி, நேரம், என்ன கண்டேன் என்று நோட்டில் எழுதுவேன். பிறகு பேட்டரியைக் கழற்றிவிடுவேன். மறந்துபோய் உள்ளேயே விட்டால் கசிந்து பச்சை பூத்துவிடும், அப்புறம் பொருள் குப்பைக்குத்தான். பதினோரு வருஷமாக இதே வேலை. வாய் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருக்கும். இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. பின்அறையில் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டோம். டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் இரண்டு முறை சொன்னார்.

"தனியா எழுந்துக்க மட்டும் விடாதீங்க. இன்னொரு தடவ விழுந்தா தாங்க மாட்டாங்க."

அண்ணனுக்காவது பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இந்த உலகத்தில் அம்மா ஒருத்திதான். அவளைக் காப்பாற்றிக் கரை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என் தலைக்குள் ஓடியது.

ஆனால் என் வேலை முன்அறையில். பார்சல் ஒட்டுகிற டேப்பைப் பிய்த்தால் வருகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். அம்மா ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுவாள், எனக்குக் கேட்காது. ஒருநாள் அரைமணி நேரம் தட்டியிருக்கிறாள். நான் போனபோது படுக்கை நனைந்திருந்தது. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் செத்துத் தொலைஞ்சிருக்கலாம்டி" என்றாள்.

அன்றைக்கே ஒரு காலிங் பெல் வைப்பது என்று முடிவு செய்தேன்.

விற்க முடியாததையெல்லாம் நான் ஒரு பெட்டியில் போட்டு வைப்பேன். அதில் வயர் இல்லாத காலிங் பெல்லின் ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஏலத்தில் வாங்கியது. அதன் முதுகில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'ஸ்பீக்கர் மட்டும், பட்டன் இல்லை. கோளாறு. நோட்டு 3.' என்ன கோளாறு என்று ஞாபகமில்லை. நாளைக்கு இருபது பொருள் கை மாறுகிறது, எதை ஞாபகம் வைப்பது? பேட்டரி போட்டு, அதிலேயே இருக்கிற சோதனை விசையை அழுத்தினேன். 'டிங் டாங்' என்று கணீரென்று அடித்தது. கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அப்படி நடப்பதுண்டு. நோட்டைப் புரட்டிப் பார்க்கச் சோம்பல்.

இனி ஒரு பட்டன் வேண்டும். ஏலத் தளத்தில் தேடினேன். முதல் வரியிலேயே இருந்தது. 'காலிங் பெல் பட்டன் மட்டும். ஸ்பீக்கர் இல்லை. பழையது. சிறு தடங்கள் உண்டு.' அதே மாடல், அதே பால் நிறம். வேறு யாரும் ஏலம் கேட்கவில்லை. நான் கேட்ட முதல் விலைக்கே விழுந்தது.

"உனக்குன்னே போட்டு வெச்ச மாதிரி இருக்கே" என்றான் அண்ணன்.

இருவரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு பட்டன், கழுத்தில் மாட்டுகிற கயிறோடு. மேலும் கீழும் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அந்த வீட்டு நாய்க்குட்டி கடித்திருக்கும் என்று நினைத்துத் துடைத்தேன். இந்த மாதிரி பெல்லில் புதுப் பட்டனை ஸ்பீக்கரோடு சேர்க்க ஒரு முறை இருக்கிறது. சிவப்பு விளக்கு மின்னும் வரை ஐந்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் அதைச் செய்வதற்கு முன்பே அம்மா கையில் வாங்கி ஒரு அழுத்து அழுத்திவிட்டாள்.

முன்அறையில் 'டிங் டாங்.'

சேர்க்காமலே சேர்ந்திருந்தது. 'பரவாயில்லையே, வேலை மிச்சம்' என்றுதான் தோன்றியது. அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு அடி என்றால் தண்ணீர், இரண்டு அடி என்றால் பாத்ரூம் என்று பேசி வைத்துக்கொண்டோம். அம்மாவுக்குக் குஷி தாங்கவில்லை. அன்றைக்கு மட்டும் பத்து தடவை அடித்தாள். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுவேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வர்றியான்னு பாத்தேன்."

எரிச்சல்தான் வந்தது. ஆனால் சிரித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் 4.10. நான் ஒரு ரிமோட்டுக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன்.

டிங்.

டிங்.

டிங்.

மூன்று. மூன்றுக்கு நாங்கள் எதுவும் பேசி வைக்கவில்லை. அதோடு 'டிங்' மட்டும்தான் வந்தது. 'டாங்' வரவில்லை. அரைகுறையாக அழுத்தி விரல் நழுவினால் எப்படி இருக்கும், அப்படி.

போய்ப் பார்த்தேன். அம்மா வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பல்செட் கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது. மத்தியானம் படுக்கும்போது கழற்றி வைத்துவிடுவது அம்மாவின் வழக்கம். பட்டன் கட்டில் கம்பியில், சுவர்ப் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கை படாத இடம்.

தூக்கத்தில் கை பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழக்கதோஷத்தில் நோட்டில் எழுதினேன். '4.10, மூன்று.'

புதன்கிழமை 4.10. மூன்று. அம்மா தூக்கம்.

வியாழக்கிழமை 4.10. இந்த முறை நிற்கவில்லை. மூன்று அடித்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. ஓடினேன். பட்டன் தலையணைமேல் கிடந்தது. எடுத்தேன்.

ஈரமாக இருந்தது.

தண்ணீர் ஈரம் இல்லை. கொழகொழவென்று... எச்சில். என் கையை உதறிக்கொண்டு அம்மாவை எழுப்பினேன்.

"ஏம்மா, இத வாயில வெச்சியா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

பல்செட் கிண்ணத்தில்தான் இருந்தது. பட்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். திங்கட்கிழமை அந்தப் பள்ளங்கள் லேசாக இருந்தன, நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது என் நகம் உள்ளே போனது.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல் கிண்டல் செய்தான். "பக்கத்து வீட்டு பெல்லும் இதுவும் ஒரே அலைவரிசையா இருக்கும். நாளைக்கு வந்து மாத்திக் குடுக்கறேன். இதுக்குப் போயி இப்பிடி நடுங்கற" என்றான்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு வந்தான். ஸ்பீக்கரைத் திறந்து அலைவரிசையை மாற்றினான். பட்டனையும் ஸ்பீக்கரையும் புதிதாகச் சேர்த்தான். பிறகு "எதுக்கும் இருக்கட்டும்" என்று பட்டனின் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த வட்ட பேட்டரியையே வெளியே எடுத்துவிட்டான். "இப்ப எவன் அடிக்கறான்னு பாத்துடலாம்." பட்டனை ஒரு கையிலும் பேட்டரியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நான் முன்அறையில் ஸ்பீக்கரோடு நின்றேன்.

4.08.

4.09.

4.10.

டிங்.

டிங்.

டிங்.

"அண்ணா! நீ அடிச்சியா?"

பின்அறைப் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா!"

பின்அறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. பேட்டரி அவனுடைய இடது உள்ளங்கையில் இருந்தது. வலது கையில் பட்டனைப் பாம்பைப் பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்திருந்தான்.

"அது உள்ள போச்சு" என்றான்.

"எது?"

"பட்டன். என் கையிலயே... யாரோ அமுக்கற மாதிரி உள்ள போச்சு."

டீ போட்டு வைத்திருந்தேன். குடிக்கவில்லை. "தூக்கி எறிஞ்சிடு. ஞாயித்துக்கிழம புதுசு வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான். இடது செருப்பை வலது காலில் மாட்டியதைக்கூடக் கவனிக்காமல் லிஃப்டுக்குள் போனான். என்னைக் கிண்டல் செய்து வளர்த்த அண்ணன்.

எறிந்துவிடலாம். ஆனால் ஞாயிறு வரை அம்மா எதை வைத்து என்னைக் கூப்பிடுவாள்? மறுபடி ஸ்பூனா? மறுபடி நனைந்த படுக்கையா? பல்லைக் கடித்துக்கொண்டு பேட்டரியைத் திரும்பப் போட்டு வைத்துக்கொண்டேன்.

அன்று ஏழு மணிக்கு அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்களே. அவங்களப் பாக்க யாரும் வர்றதே இல்லியா?"

"எந்தப் பக்கத்துல?"

அம்மா தலையைத் திருப்பினாள். கட்டிலின் சுவர்ப் பக்கம்.

அந்தச் சுவருக்கு அப்பால் வீடு இல்லை. மூன்றாவது மாடி. அந்தரம்.

"கனவு கண்டிருப்பம்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இரவெல்லாம் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று எனக்குத் தெரியும். அதற்கு நேரம் நாலு பத்து.

சனிக்கிழமை.

காலையிலிருந்தே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது. முடியவே முடியாது.

3.55-க்கு அம்மாவிடம் போனேன். பட்டனை அவள் கையில் வைத்தேன்.

"அடிச்சா வருவேன்" என்றேன்.

"தெரியும்டி" என்று சிரித்தாள்.

முன்அறைக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன். ஸ்பீக்கரைத் திருப்பி அதன் இரண்டு பேட்டரிகளையும் கழற்றி மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

ஆமாம். அதைத்தான் செய்தேன். பெற்ற தாயிடம் பொய் சொல்லிவிட்டு வந்து கழற்றினேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம், பட்டன் கையில் இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பாள் என்று கணக்குப் போட்டேன்.

4.10.

சத்தம் இல்லை.

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! அழுகையே வந்துவிட்டது. உட்கார்ந்தேன். 4.15-க்கு என்னுடைய இரண்டு ஏலங்கள் முடிகிற நேரம். ஒரு மூடி, ஒரு ரிமோட். மூடிக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பெட்டி எடுத்தேன், டேப்பைப் பிய்த்தேன், முகவரி எழுதினேன். நாலு நாளாகத் தள்ளிப்போன வேலை. எட்டிப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே ஓடிப்போய்விட்டது.

4.41.

டிங்.

டேப் கையில் அப்படியே நின்றது.

டிங்.

ஸ்பீக்கர் மேஜைமேல் இருந்தது. முதுகு மூடி திறந்தபடி. உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய இரண்டு குழிகளும் காலி. எனக்குத் தெரிந்தது. காலியாகத்தான் இருந்தன.

சிவப்பு விளக்கு எரிந்தது.

டிங்.

டிராயரைத் திறந்தேன். பேட்டரிகள் அங்கேயே இருந்தன.

டிங்... டிங்...

நான் எழுந்து போகவில்லை.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. போகவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்குக் கீழே உட்கார்ந்தேன். 'இது அம்மா இல்லை, இது அதுதான், அதுதான்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிங்...

இடைவெளி கூடியது.

டி...

சத்தம் குறைந்தது. மூச்சு வாங்குவதுபோல் இருந்தது.

டி...

4.45.

டிங் டாங்.

முழுசாக.

ஓடினேன்.

கட்டில் காலியாக இருந்தது. போர்வை பாதி தரையில். "அம்மா!"

சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடம் இல்லை. அங்கே...

தலைகீழாக. முகம் மெத்தையின் ஓரத்தில் புதைந்து. இரண்டு கையும் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு.

கட்டிலை இழுத்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. அம்மாவைப் புரட்டினேன். உதடு நீலம். கன்னத்தில் அறைந்தேன். முதுகில் குத்தினேன். "அம்மா அம்மா அம்மா..."

இருமினாள்.

மூச்சு வந்தது.

அப்போதுதான் பட்டனைப் பார்த்தேன். கட்டிலின் மேல், தலையணையின் நடுவில், ஒழுங்காக வைத்ததுபோல் இருந்தது. அம்மாவின் கைகளால் அங்கே எட்டியிருக்க முடியாது.

தலையணையில் வட்டமாக எச்சில் ஈரம்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா கஷ்டம்மா. கரெக்டா எப்படிப் போனீங்க?" என்று டாக்டர் கேட்டார். பெல் அடித்தது என்றேன்.

அம்மாவுக்குப் பேச்சு வர இரவு ஆகிவிட்டது.

"நான் அடிச்சேன்டி. நாலு மணிக்கு மேலேருந்து அடிச்சிட்டே இருந்தேன். நீ வரல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப அவசரமா இருந்துச்சு. திரும்பவும் படுக்கைய நனைச்சா நீ பாவம்னு, நானே எழுந்தேன். சுவத்துப் பக்கமா சரிஞ்சு விழுந்துட்டேன். பட்டன் கட்டில் மேலயே இருந்துடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்புறம் அந்த அம்மாதான் அடிச்சாங்க. அவங்களுக்குக் கை வராதுடி, பாவம்."

வீட்டுக்கு வந்ததும், பட்டன் வந்த பார்சல் உறையைக் குப்பையிலிருந்து தேடி எடுத்தேன். அனுப்பியவர் போன் நம்பர் இருந்தது. அடித்தேன். ஒரு ஆண் குரல். நடுத்தர வயது இருக்கும்.

"காலிங் பெல் பட்டன் வாங்கினவங்க பேசறேன். அது யாரோடது?"

"ஏன், வேலை செய்யலையா?"

"செய்யுது. யாரோடதுன்னு சொல்லுங்க."

"எங்க அம்மாது" என்றார். "பக்கவாதம். ரெண்டு கையும் வராது."

"அப்ப பட்டன எப்படி..."

"வாயாலதான். கயித்தைக் கழுத்துல மாட்டி விட்டிருந்தோம். கடிச்சு அமுக்குவாங்க."

சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்பீக்கர் என்ன ஆச்சு?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் ஒரே ஆளுங்க. வீட்டுலேருந்தேதான் வேலை. பகல்பூரா அடிச்சிட்டே இருப்பாங்க. போய் நின்னா, ஒண்ணுமில்ல, வர்றியான்னு பாத்தேன்னு சொல்வாங்க. தாங்க முடியல. ஸ்பீக்கர மட்டும் ஏலத்துல வித்துட்டேன். பட்டன அவங்க கழுத்துலயே விட்டுட்டேன். அடிக்கறோம்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்னு."

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. எப்படி வரும்?

"எப்ப போனாங்க?"

தேதி சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. "சாயங்காலம் நான் வெளியில போயிட்டு அஞ்சரைக்கு வந்தேன். கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல கெடந்தாங்க. அஞ்சு மணிக்குப் போயிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னார். பட்டன் பல்லுக்கு நடுவுல இருந்துச்சு. எடுக்கறதுக்குள்ள..." பிறகு மெல்லக் கேட்டார். "ஸ்பீக்கர வாங்கினது நீங்களா?"

போனை வைத்துவிட்டேன்.

அவர் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரம். அந்த பெல் நூறு மீட்டருக்கு மேல் எட்டாது என்று அதன் விளக்கப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

பரண்மேல் ஏறி நோட்டு 3-ஐ எடுத்தேன். அவர் சொன்ன தேதியைப் பிரித்தேன். என் கையெழுத்து.

'ஸ்பீக்கர் மட்டும், பட்டன் இல்லை. மதியம் வந்தது. பேட்டரி போட்டேன். 4.10, தானாக அடிக்கிறது. டிங் மட்டும், டாங் இல்லை. 4.20, மறுபடி. 4.28, மறுபடி. 4.41, நிற்கவே இல்லை. பெரிய தொல்லை. கோளாறு. 4.50, பேட்டரி கழற்றியாச்சு.'

அம்மா இப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முன்அறையில் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். பின்அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரும் பட்டனும் உள்ளேதான் இருக்கின்றன. அவற்றை விற்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. மறுபடி பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அது ஒருமுறைகூட அடிக்கவில்லை. இருந்தும் தினமும் நாலு பத்துக்கு நான் அந்தக் கதவருகில் போய் நிற்கிறேன். "இதோ இருக்கேம்மா" என்கிறேன். ஐந்து மணி வரை நிற்கிறேன்.

நான் பேட்டரியைக் கழற்றியது 4.50-க்கு. அந்த அம்மா போனது ஐந்து மணிக்கு. நடுவில் எத்தனை தடவை அடித்தாரோ, அது என் நோட்டில் இல்லை.